வெவ்வேறு

கேள்வி நாற்பத்தொன்று.
ஐந்து வெவ்வேறு மிகை முழு எண்களின்
சராசரி பதினான்கு.
அவற்றில் மிகப் பெரியது
அதிகபட்சம் எவ்வளவாக இருக்க முடியும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில்
முன்பு திருகாணி செய்த கொட்டகை இது.
இப்போது இருநூறு கணினி, இருநூறு முதுகு.
ஏசி என் தலைக்கு நேர் மேலே.
வாசலில் துப்பட்டாவை உதறச் சொன்னார்கள்,
தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழிக்கச் சொன்னார்கள்.
மூக்குத்தி கழன்று வராமல்
ஒருத்தி அழுதுகொண்டே அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டாள்.
ஒரு கணக்குக்கு ஐம்பது விநாடி.

வழி தெரியும்.
ஐந்தால் பெருக்கு: எழுபது.
ஒன்றை ஏற்ற வேண்டுமானால்
மற்ற நான்கையும் இறக்கு,
தரை தட்டும் வரை இறக்கு.

ஒன்று ஒன்று ஒன்று ஒன்று போட்டால்
மிச்சம் அறுபத்தாறு.
‘சி’ கட்டத்தில் அறுபத்தாறு
வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.
போன வருஷம் அதில்தான் விழுந்தேன்.
‘வெவ்வேறு’ என்ற சொல்லைத் தாண்டிக்
கண் ஓடிவிட்டது,
கொருக்குப்பேட்டை கேட் மூடுவதற்குள்
குனிந்து நுழைகிற சைக்கிள் மாதிரி.

இந்த வருஷம் நிற்கிறேன் அந்தச் சொல்லில்.
நான்கு பேரையும் ஒரே பள்ளத்தில்
தள்ள முடியாது என்கிறது அது.
ஒருவருக்கு ஒன்று என்றால்
அடுத்தவருக்கு இரண்டாவது வேண்டும்.
பக்கத்திலேயே ‘மிகை’:
யாருக்கும் பூஜ்யம் கிடையாது.
கேள்வி போட்டவர் யாரோ,
அவ்வளவு இரக்கம் வைத்திருக்கிறார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ரஃப் தாளில் எழுதியதுமே
யார் எது என்று தெரிந்துவிட்டது.

ஒன்று, அம்மா.
கண் ஆபரேஷனை ஆடிக்குத் தள்ளி,
ஆடியிலிருந்து தைக்குத் தள்ளி,
இன்னும் ஊசியை என்னிடமே நீட்டுகிறாள்
நூல் கோத்துத் தர.
இரண்டு, அப்பா.
லோடு ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் முடிந்து
போலீஸ் இல்லாத தெருவாகப் பார்த்துப் போகிறார்.
மூன்று, கோட்டீஸ்வரி. பேரில் மட்டும் கோடி.
பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்கிவந்தவள்
அதைப் பிரித்து
என் புத்தகத்துக்கு அட்டை போட்டாள்.
நான்கு, டில்லிபாபு மாமா.
என் கோச்சிங் ஃபீஸுக்குப் பைக்கை வைத்தார்,
ஹார்பருக்கு நடந்தே போகிறார்,
தொப்பை குறைகிறதாம்.

இறங்கு என்று யாரும் யாரையும் சொல்லவில்லை.
எங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டாது,
அது எல்லோருக்கும் தெரியும்.

நான்தான் அறுபது.

‘பி’யைச் சொடுக்குகிறேன்.
விரல் விறைத்திருக்கிறது. ஏசி.

கேள்வி நாற்பத்திரண்டு.
அதே ஐந்து எண்கள், அதே சராசரி.
மிகப் பெரியது
குறைந்தபட்சம் எவ்வளவு?

இதுவும் தெரியும்.
எல்லோரையும் பதினான்குக்குப் பக்கத்தில்
கொண்டுவந்து நிறுத்த வேண்டும்:
பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு,
பதினைந்து, பதினாறு.
லாரித் தண்ணீருக்கு வரிசை வைத்த
ஐந்து பிளாஸ்டிக் குடங்கள்.

பதினாறு. இருபது விநாடியில் வந்துவிட்டது.
ஆனால் அந்த வரியை விட்டு
எனக்கு வர மனமில்லை.
பதினாறை அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன்,
இரண்டு கண்ணும் ஆகிவிடும், கண்ணாடியும்.
மாமாவுக்குப் பதினைந்து, பைக் வீட்டுக்கு வருகிறது.
கோட்டீஸ்வரிக்குப் பதினான்கு,
ஒருமுறை சராசரியாக இருந்து பார்க்கட்டுமே.
அப்பா பதின்மூன்றை மறுக்க மாட்டார்.
எனக்குப் பன்னிரண்டு.
பன்னிரண்டில் என்னவாகியிருப்பேன் தெரியாது.
இந்த நாற்காலியில் இருந்திருக்க மாட்டேன்.

திரை மூலையில் நேரம் சிவப்பாகிவிட்டது.
நாற்பத்து மூன்றில்
ரயில் ஒன்று பாலத்தைக் கடக்கிறது.
போகட்டும். தவறினால் கால் மதிப்பெண் போய்விடும்.

கேட்டுக்கு வெளியே
இன்ஜினை அணைத்துவிட்டு அப்பா.
“குறைந்தபட்சம் எவ்வளவும்மா வரும்?”
சொன்னேன்.
தலையாட்டிக்கொண்டார்.
பாடியில் செக்கிங் என்று யாரோ சொல்ல,
சந்து சந்தாகத் திரும்பி
வீட்டுக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது.